தற்புகழ்ச்சிக்கு ஒரு தட்டச்சு நிலையம்

சைதாப்பேட்டையில், மறைமலையடிகள் பாலத்துக்கு இப்புறம் கடைத்தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், தையற்காரர் ஒருவருக்கும் சோடாக்கடை ஒன்றுக்கும் நடுவே எட்டடிக்குப் பத்தடி அளவுள்ள ஓர் அறையை 1976-இல் வாடகைக்குப் பிடித்து, தவணையில் வாங்கிய பழைய ரெமிங்டன் யந்திரத்தை அதில் கொண்டுவந்து வைத்து, ‘ஜாப் டைப்பிங் செய்து தரப்படும்’ என்று தகரப் பலகையில் எழுதி மாட்டியபோது, வெளிநாட்டுச் சர்வகலாசாலைகளின் வாசற்படி வரையில் என் விரல்கள் போய்வரப் போகின்றன என்கிற எண்ணம் எனக்கு லவலேசமும் கிடையாது. ஆங்கிலத்தில் ஹையரும் தமிழில் லோயரும் தேறியவன் நான். உயில், கிரயப் பத்திரத்தின் நகல், தாசில்தாருக்கு மனு, வீட்டுக்காரனுக்கு வக்கீல் நோட்டீஸ் ஆகிய இவற்றைக் கொண்டே ஜீவனத்தை நடத்திவிடலாம் என்பதுதான் என் உத்தேசமாக இருந்தது.

அடுத்த வருஷம் ஐப்பசி மாதத்து மழையில் நனைந்துகொண்டு ஒரு வாலிபர் வந்தார். கிண்டி எஞ்சினீயரிங் கல்லூரியில் கடைசி வருஷம். தலையும் சட்டையும் நனைந்திருக்க, பனியனுக்குள் செருகி வைத்திருந்த பழுப்பு உறை மட்டும் நனையாமல் வெளியே வந்தது. ‘சார், இதில் ஓர் எழுத்துகூடப் பிசகக்கூடாது; என்னிடம் வேறு ஃபாரம் இல்லை’ என்றார். அந்த ஃபாரம் வந்து சேர்ந்த வரலாற்றைக் கேட்ட பிறகு எனக்கும் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. மௌண்ட் ரோடில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தை ஒட்டிய நூலகத்தில் பீட்டர்சன் வழிகாட்டி என்னும் தலையணைப் புத்தகத்தைப் புரட்டி விலாசங்களைக் காப்பி எடுத்து, ஏரோகிராமில் ஒவ்வொரு சர்வகலாசாலைக்கும் தனித்தனியே எழுதிப்போட்டு, வாரக்கணக்கில் தபால்காரர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்து, எழுதிய பன்னிரண்டு இடங்களில் ஐந்திலிருந்து மட்டுமே பதில் பெற்று, அந்த ஐந்திலும் விண்ணப்பக் கட்டணத்தைப் பிறகு வாங்கிக்கொள்வதாகச் சொன்ன ஓரிடத்துக்கு முதலில் அனுப்பலாம் என்று தீர்மானித்து வந்திருந்தார். டாலரில் கட்டணம் செலுத்துவது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய பிரயத்தனம் என்பது இன்றைக்குக் கைபேசியில் பணம் கட்டுகிறவர்களுக்கு விளங்காது.

வெளியார் நினைப்பதுபோல அந்த ஃபாரத்தை நிரப்புவது எளிய காரியமல்ல. அமெரிக்கர் காகிதம் எட்டரை அங்குல அகலமும் பதினோரு அங்குல உயரமும் கொண்டது; நம்முடைய ஃபுல்ஸ்கேப்போ அதைவிட இரண்டு அங்குலத்துக்குமேல் நீளமானது; ஆகவே ஃபுல்ஸ்கேப்பில் அச்சான மதிப்பெண் சான்றிதழை அவர்களுடைய காகித அளவுக்கு நகலெடுத்தால் பரீட்சை அதிகாரியின் கையெழுத்து அடியோடு வெட்டுப்பட்டுப் போய்விடும். தட்டச்சு யந்திரம் அங்குலத்துக்கு ஆறு வரிகள் என்று கணக்காக இறங்கும். ஃபாரத்தில் உள்ள கட்டங்களோ எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாதவை. ஒவ்வொரு கட்டத்துக்கும் ரோலரைக் கையால் அரைக்கால் இடம் திருப்பி, கண்ணை அச்சுக்கோட்டுக்கு நேரே தாழ்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு விசையைத் தட்ட வேண்டும். நான் செய்த உபாயம் ஒன்று உண்டு. மெல்லிய வெள்ளைத் தாளை ஃபாரத்தின்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கட்டங்களைப் பென்சிலால் வரைந்துகொண்டு, முதலில் அந்தத் தாளில் முழுவதையும் ஒருமுறை அடித்துப் பார்த்த பிறகே அசல் காகிதத்தைத் தொடுவேன். ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு மாலைப்பொழுது கழிந்துவிடும். கூலி கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

ஃபாரத்தின் முதல் கட்டமே தமிழ் மாணவனுக்குப் பெரும் சோதனை. குடும்பப் பெயர் என்ன, முதற் பெயர் என்ன, நடுப் பெயர் என்ன என்று அது கேட்கிறது. நம்மிலோ பெயர் ஒன்று. அதற்கு முன்னே காவற்காரனைப்போல நிற்கும் எழுத்து ஒன்று. குடும்பப் பெயர் என்னும் சங்கதியை நம் முந்தைய தலைமுறை ஜாதிப் பட்டத்தோடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டது. அது நல்ல காரியமே என்பது என் அபிப்பிராயம். ஆனால் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் இருக்கும் குமாஸ்தாவுக்கு இந்தச் சரித்திரமெல்லாம் தெரிய நியாயமில்லை. வேறு வழியின்றித் தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அடித்துக்கொடுப்பேன். அப்படிப் போன ஒரு பையன் ஆறு மாதம் கழித்து எனக்கு ஒரு படத் தபாலட்டை எழுதினான்: ‘சார், இங்கே பேராசிரியர்கள் எல்லோரும் என்னை அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். முதல் வாரத்தில் இரண்டு தரம், அப்பா எங்கே வந்தார் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன்.’

இது வேடிக்கையோடு போய்விட்டால் பாதகமில்லை. சான்றிதழில் இனிஷியல் முன்னே, பாஸ்போர்ட்டில் அதுவே விரிந்து பின்னே, ஜி.ஆர்.இ. பரீட்சைச் சீட்டில் அந்த ஒற்றை எழுத்தே குடும்பப் பெயர் என்று மூன்று விதமாக ஒருவனுடைய பெயர் மூன்று காகிதங்களில் நின்றால், சர்வகலாசாலைக் காரியாலயத்தில் அவனுக்கு இரண்டு கோப்புகள் திறந்து, ஒன்றில் பரீட்சை மதிப்பெண்ணும் மற்றொன்றில் சிபார்சுக் கடிதங்களுமாகக் கிடந்து, இரண்டுமே பூர்த்தியாகாத விண்ணப்பங்கள் என்று ஒதுக்கப்பட்டுவிடும். இந்த விபத்து என் வாடிக்கைக்காரர் இருவருக்கு நேர்ந்தது. அதன் பிறகு யார் வந்தாலும் முதலில் பாஸ்போர்ட்டை வாங்கி, அதில் உள்ளபடி பெயரை ஒரு துண்டுத்தாளில் அடித்து யந்திரத்தின் முகப்பில் ஒட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். பிற்காலத்தில் ஒரு பெண் குழந்தைக்குப் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தமையால், விசாவில் முதற்பெயருக்கு உரிய இடத்தில் எஃப்.என்.யு. என்று மூன்று எழுத்துகள் அச்சாகி வந்தன. முதற்பெயர் தெரியாது என்பது அதன் பொருளாம். பெயர்சூட்டு விழாவுக்கு ஊரையே அழைத்துச் சாப்பாடு போட்ட அந்தப் பெண்ணின் பாட்டனாருக்கு இதை விளக்கிச் சொல்வதற்குள் எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

மதிப்பெண் விஷயமும் இப்படிப்பட்டதே. நூற்றுக்கு எழுபத்தைந்து வாங்கியவனை நம் கலாசாலைகள் டிஸ்டிங்ஷன் என்று கொண்டாடும். அமெரிக்காவில் பல இடங்களில் எழுபத்தைந்து என்பது ‘சி’, அதாவது சுமார் என்று பொருள். வகுப்பில் இத்தனை பேரில் இவன் இத்தனையாவது என்று கல்லூரி முதல்வரிடம் ஒரு சான்று வாங்கி இணைத்துவிட்டால் பாதிக் கவலை தீரும். அரியர் வைத்தவர்களின் கவலை மட்டும் எதனாலும் தீராது. எத்தனையாவது முயற்சியில் தேறினான் என்பதை டிரான்ஸ்கிரிப்ட் ஈவிரக்கமில்லாமல் சொல்லிவிடும். அதை மறைத்து அடித்துத் தர முடியுமா என்று கேட்டவர்களும் உண்டு. சோடாக்கடையைக் காட்டி, ஒரு சோடா குடித்துவிட்டுப் போகும்படி சொல்லி அனுப்பிவிடுவேன்.

ஆனால் நான் மகா யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள வரவில்லை. சிபார்சுக் கடிதங்கள் விஷயத்தில் என் கையும் கறைபட்ட கைதான். மூன்று ஆசிரியர்கள் மாணவனைப்பற்றி அந்தரங்கமாக எழுதி, உறையிலிட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின்மேல் குறுக்கே கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்பது அக்காலத்து விதி. நம் ஆசிரியர்களோ, வேலைப்பளு ஒரு காரணம், ஆங்கிலத்தில் ஒருவனைப் புகழ்ந்து எழுதுவதில் உள்ள சோம்பல் மற்றொரு காரணம், ‘நீயே எழுதிக்கொண்டு வாடா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்’ என்று சொல்லிவிடுவார்கள். பையன் தன்னைப்பற்றி மூன்று பேருடைய வாயால் தானே எழுதி, மூன்றையும் என்னிடம் கொண்டுவருவான். நானும் அடித்துக் கொடுப்பேன். 1974-இல் அமெரிக்காவில் பிறந்த ஒரு சட்டத்தின்படி மாணவனுக்குத் தன் கோப்பைப் பார்க்க உரிமை உண்டாகையால், சிபார்சுக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை மட்டும் துறந்துவிட்டேன் என்று கையெழுத்திடுவதற்கு அந்த ஃபாரத்திலேயே ஓர் இடம் விட்டிருப்பார்கள். தானே எழுதிய கடிதத்தைத் தான் பார்க்கமாட்டேன் என்று அந்தப் பையன்கள் எழுதிக் கொடுத்ததை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்! அதே ஃபாரத்தில், இவன் உங்கள் மாணவர்களில் முதல் ஐந்து சதவீதத்தில் சேர்ந்தவனா, பத்து சதவீதத்தில் சேர்ந்தவனா என்று கேட்கும் ஓர் அட்டவணையும் இருக்கும். என் கடையில் அடித்த சிபார்சுகளை மட்டும் ஆதாரமாகக் கொண்டால், சென்னைப்பட்டணத்தில் முதல் ஐந்து சதவீதத்துக்குக் கீழே மாணவரே இல்லை.

ஓர் இரவு, கடையைச் சாத்துமுன் கார்பன் பிரதிகளை அடுக்கிக்கொண்டிருக்கையில், ஒரே மாணவனுக்கு மூன்று பேராசிரியர்கள் எழுதியதாகச் சொல்லப்பட்ட மூன்று கடிதங்கள் அடுத்தடுத்துக் கண்ணில் பட்டன. என் ரெமிங்டனில் சிறிய ‘ஈ’ எழுத்தின் வயிற்றுக்கோடு அப்போதே உடைந்திருந்தது. மூன்று கடிதங்களிலும், உடைந்த அந்த ஈக்கள் வரிக்கு ஐந்தாறாக மொய்த்துக்கொண்டிருந்தன. இதைக் கண்டுபிடிக்கத் துப்பறிகிறவர் யாரும் வேண்டியதில்லை. அந்தப் பையனுக்கு எங்கும் இடம் கிடைக்கவில்லை. காரணம் இதுதானா, வேறா என்பது எனக்குத் தெரியாது. தெரியாதது இன்னும் கொஞ்சம் கூடுதலாக வருத்தியது. அன்று முதல், ஆசிரியர் தம் கையால் நாலு வரியாவது எழுதித் தந்தாலொழிய சிபார்சை அடிப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். பத்துப் பேரில் நாலு பேர் அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள்.

இனி எஸ்.ஓ.பி. என்று மாணவர்கள் சொல்லும் நோக்க அறிக்கைக்கு வருகிறேன். என் தொழிலின் சாரமும் சங்கடமும் அதில்தான் இருந்தன. நான் யார், எதைக் கற்க விரும்புகிறேன், ஏன் உங்களிடமே கற்க விரும்புகிறேன் என்று மாணவன் தன் வாயால் இரண்டு பக்கம் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பிள்ளைகளுக்குத் தன்னைப்பற்றிப் பேசப் பழக்குவதில்லை. பேசினால் தலைக்கனம் என்று குட்டுவோம். ஆகையால் அவர்கள் கொண்டுவரும் அறிக்கைகளில் அவர்களைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும்: மனித குலத்தின் முன்னேற்றம் இருக்கும்; விஞ்ஞானத்தின் மகிமை இருக்கும்; ஜி.ஆர்.இ.க்குப் படிக்கும் பாரன்ஸ் புத்தகத்தின் 3,500 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பொறுக்கிய, அகராதியைத் தவிர வேறெங்கும் நடமாடாத வார்த்தைகள் இருக்கும்; சிறு பிராயம் முதலே தனக்கு அந்தச் சாஸ்திரத்தின்மேல் அளவற்ற ஆசை என்ற முதல் வாக்கியம் தவறாமல் இருக்கும். அந்த வாக்கியத்தை என் விரல்கள் மனப்பாடமாக அறிந்திருந்தன. காகிதத்தைப் பாராமலே அடித்துவிடுவேன்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் நன்னூல் பாடம் சொன்ன தமிழ்ப் பண்டிதர் ஒருவர் இருந்தார். எவ்வளவு கற்றவனானாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று சொல்லிவிட்டு, அடுத்தாற்போலவே பவணந்தி முனிவர் நான்கு விலக்குகளை வைத்திருப்பதைச் சிரித்துக்கொண்டே எடுத்துக்காட்டுவார். அரச சபைக்கு ஓலை எழுதும்போதும், தன் திறமையை அறியாதவர்களிடையே இருக்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய சமயத்திலும், எதிராளி தன்னைப் பழிக்கும்போதும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்வது தகும் என்பது அவர் தீர்ப்பு. சுமார் எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே அமெரிக்க விண்ணப்பத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும். அரச சபைக்கு எழுதும் ஓலையும் இதுவே. நம்மை அறியாதவர்களிடையே நிற்பதும் இதுவே. சங்கோசப்படும் பையன்களுக்கு இந்தச் சூத்திரத்தின் தாத்பரியத்தைச் சொல்வேன். எஞ்சினீயரிங் படித்த பிள்ளைகள் விழிப்பார்கள். ஆனால் இலக்கணமே இடம் கொடுக்கிறது என்றவுடன் சிலருக்கு நாக்குத் திரும்பும்.

அப்படியும் திரும்பாதவர்களுக்கு ஒரு கேள்வி வைத்திருந்தேன்: ‘தம்பி, பாடப்புத்தகத்தில் இல்லாததாக, யாரும் சொல்லாமலே உன் கையால் என்ன செய்திருக்கிறாய்?’

மணப்பாறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து சிவில் படித்துக்கொண்டிருந்த ஒருவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டேன். நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தான். நாலு பக்கத்திலும் உலகத்தின் நீர்ப்பஞ்சம் இருந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ‘ஒன்றும் செய்யவில்லை சார்’ என்றான். வெகுநேரம் தையற்கடைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, ‘பிளஸ் டூ படிக்கும்போது எங்கள் கிணற்றை அளந்துகொண்டிருந்தேன்’ என்றான். ஏன் அளந்தாய் என்றேன். வறட்சி வருஷமாம். கிணறு எத்தனை நாளுக்குத் தாங்கும் என்று அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சண்டை. அந்தச் சண்டையைத் தீர்ப்பதற்காக, சாண் சாணாக முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, வாரத்துக்கு ஒருநாள் தண்ணீர் மட்டத்தை ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வந்திருக்கிறான். பிறகு பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் கேட்கவே, ஏழு கிணறுகள். மோட்டார் ஓடும் கிணற்றைச் சுற்றியுள்ள கிணறுகள் மற்றவற்றைவிட வேகமாக இறங்குவதை அந்த நோட்டிலிருந்தே கண்டுபிடித்திருக்கிறான். சண்டை தீர்ந்ததா என்று கேட்டேன். ‘இல்லை சார், பெரிசாகிவிட்டது’ என்றான்.

நாலு பக்கத்தையும் மடித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, ஊருக்குப் போய் அந்த நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்தான். இரண்டு நாள் உட்கார்ந்து, கிணற்றிலிருந்து தொடங்கி அவன் சொல்லச் சொல்ல எழுதினோம். இலக்கணப் பிழை ஒன்றிரண்டை மட்டும் திருத்தினேன். சிறு பிராய ஆசையைப்பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நான் அடித்த எஸ்.ஓ.பி.க்களில் அடிக்கும்போதே படித்துக்கொண்டு போனது அது ஒன்றுதான்.

விண்ணப்பங்களைப் பதிவுத் தபாலில் சேர்த்தபின் தொடங்கும் காத்திருப்பைப்பற்றிச் சொல்ல என் கடையைவிடத் தபால் நிலையத்துக்கே தகுதி அதிகம். உதவித்தொகை பெற்றவர்கள் ஏப்ரல் 15-க்குள் பதில் சொன்னால் போதும் என்று அமெரிக்கச் சர்வகலாசாலைகள் தமக்குள் ஓர் உடன்பாடு வைத்திருக்கின்றன. ஆகவே ஒருவன் வேண்டாமென்று விட்ட இடம் மற்றொருவனுக்கு அந்தத் தேதிக்குப் பிறகே வரும். எய்டு கிடைத்ததா என்பதே அக்காலத்து முதற் கேள்வி; எய்டு இல்லாத அட்மிஷனை வைத்துக்கொண்டு சாமானியக் குடும்பத்துப் பிள்ளை ஒன்றும் செய்வதற்கில்லை. விசாவுக்கு வேண்டிய ஐ-20 ஃபாரம் வந்துவிட்டாலோ முத்திரைத்தாள், நோட்டரி, ஆடிட்டர் சான்று, மாமாவின் வங்கிக் கணக்கில் ஒரு மாதம் மட்டும் தங்கிப்போகும் பணம் என்று வேறொரு நாடகம் தொடங்கும். விசாவுக்காக ஜெமினி மேம்பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விடியுமுன்னரே வரிசையில் நின்று உள்ளே போனவர்களைப்பற்றி அந்நாட்டுச் சட்டம் ஓர் ஊகம் வைத்திருக்கிறது. 1952-ஆம் வருஷத்துக் குடிபுகல் சட்டத்தின் 214(பி) பிரிவின்படி, விசா கேட்டு வருகிறவன் அங்கேயே தங்கிவிட நினைப்பவன் என்றே கொள்ளப்படுவான். அப்படியல்ல என்று ருசுப்படுத்துவது அவன் பொறுப்பு. இருபத்திரண்டு வயதுப் பையன் தன் மனத்தை எதைக் கொண்டு ருசுப்படுத்துவான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மறுக்கப்பட்டவர்கள் அந்தப் பிரிவின் எண்ணை ஒரு நோயின் பெயரைச் சொல்வதுபோலச் சொல்வார்கள்.

என் தொழிலில் உள்ள விசித்திரம், முடிவு பெரும்பாலும் தெரியாமல் போவது. இடம் கிடைத்தவர்களுக்குப் புறப்படும் அவசரம். கிடைக்காதவர்கள் அந்தச் சந்துப் பக்கமே வருவதில்லை. மணப்பாறைப் பையனும் வரவில்லை. நாலு இடங்களுக்கு அனுப்பினோம் என்பது மட்டும் என் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

1994-இல் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். அதனோடு வந்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் எழுத்தைப் பார்த்து, ரெமிங்டனே தேவலை என்று பையன்கள் சொன்னார்கள். சில வருஷங்களில் விண்ணப்பங்கள் இணையத்துக்குப் போயின. கட்டங்கள் தாமாகவே நேராக நின்றன. சிபார்சுக்காரருக்கு நேரே மின்னஞ்சல் போயிற்று. அதன் பிறகும் எஸ்.ஓ.பி.யைப் படித்துச் சொல்லச் சொல்லிச் சிலர் வந்துகொண்டுதான் இருந்தார்கள். 2009-இல் வீட்டுக்காரர் இடத்தை இடித்துக் கட்டப் போவதாகச் சொல்லவே கடையைக் காலி செய்தேன்.

சாமான்களை ஒழிக்கும்போது, கார்பன் பெட்டிகளுக்கு அடியில் அந்த நாற்பது பக்க நோட்டு அகப்பட்டது. எண்களைச் சரிபார்க்க வாங்கி வைத்த நான் திருப்பித் தரவில்லை, அவனும் கேட்கவில்லை. அப்போது நான் கிணறு வற்றுகிற பக்கங்களை மட்டுந்தான் பார்த்திருந்தேன். இப்போது ஆற அமரக் கடைசிவரை புரட்டினேன். ஏழு கிணறுகளுக்கும் ஏழு பத்திகள். தேதி, முடிச்சு எண்ணிக்கை. சில பத்திகளில் தண்ணீர் இல்லை என்பதற்கு ஒரு கோடு. கடைசிப் பக்கத்தில் தேதிக்கு எதிரே ஏழு பத்திகளும் வெறுமையாக இருந்தன. அவற்றின் குறுக்கே பென்சிலில், கொஞ்சம் நனைந்து பரவிய எழுத்தில், ‘ராத்திரி முழுக்க மழை. அளக்கப் போகவில்லை’ என்று எழுதியிருந்தான்.